விஎம் ஓடுகிறது, கன்சோல் திறக்கவில்லை: ஹோஸ்ட் மாற்றத்துக்குப் பின் ஒரு பழுது தேடல்

லினக்ஸின் கேவிஎம் வசதியால் விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் ஹோஸ்ட் கணினி ஒன்றைப் புதிய இயங்குதளத்துக்கு மாற்றிய மறுநாள் வந்த புகார் ஒரே வரிதான்: "விஎம் ஸ்டார்ட் பண்ணினால் கன்சோல் கனெக்ஷன் எரர் வருகிறது." அந்த ஹோஸ்டில் இருந்த எல்லா விஎம்களுக்கும் சேர்த்து இதே புகார். கிளறிப் பார்த்தால் அந்த ஒரு வரிக்குள் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நான்கு பழுதுகள். இரண்டு விஎம்கள் நிஜமாகவே கிளம்பவில்லை, அதுவும் வெவ்வேறு காரணங்களால். மற்றவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன, அவற்றின் திரையான கன்சோலைப் பார்க்கத்தான் வழியில்லை. ஒன்றில், பாதை சரியான பிறகு கன்சோல் திறந்தது, ஆனால் கறுப்பாக நின்றது.

இதை விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. கன்சோல் திறக்காவிட்டால் பலரும் முதலில் செய்வது 'ஃபோர்ஸ் ஆஃப்' கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்வது. உள்ளே டேட்டாபேஸ் ஒழுங்காக எழுதிக்கொண்டிருக்கும். அதன் திரை தெரியவில்லை என்பதற்காக அதன் மின்சாரத்தைப் பிடுங்குகிறோம். இந்தப் புகாரிலும் அப்படி ஒரு யோசனை வந்தது. "எல்லாவற்றையும் ஒரு தடவை ரீபூட் பண்ணிவிடலாமா சார்?" என்று கேட்டார் உடன் இருந்தவர். "வேண்டாம் தம்பி, முதலில் எது ஓடுகிறது என்று பார்ப்போம்" என்று நிறுத்தி வைத்தோம். அன்று செய்த வேலைகளிலேயே அதுதான் முக்கியமானது.

அமைப்பு இது

பழைய ஹோஸ்டில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் குடும்பத்தின் 8-ஆம் பதிப்பு இருந்தது. புதியதில் 9-ஆம் பதிப்பு, மினிமல் இன்ஸ்டால். அதன்மேல் ஒரு பாதுகாப்புப் பட்டியல் நடைமுறைப்படுத்தப்பட்டது: தேவையில்லாத கருவிகளை நீக்குவது, எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை உள்நுழைவு) அமைப்பை இறுக்குவது, இப்படி. விஎம்களின் டிஸ்க் கோப்புகளும், அவற்றின் அமைப்பை விவரிக்கும் எக்ஸ்எம்எல் வரையறைகளும் பழையதிலிருந்து அப்படியே கொண்டுவரப்பட்டன. நிர்வாகிகள் தங்கள் டெஸ்க்டாப்பில் விர்ட்-மேனேஜர் வைத்திருக்கிறார்கள். எஸ்எஸ்எச் வழியாக ஹோஸ்டோடு இணைந்து, அங்கிருந்தபடியே விஎம்களைக் கிளப்புவார்கள், நிறுத்துவார்கள், திரையைப் பார்ப்பார்கள்.

குழப்பத்தின் வேர் இந்த வசதியில்தான் இருக்கிறது. விர்ட்-மேனேஜரில் ஒரு விஎம்மைத் திறந்து ஸ்டார்ட் அழுத்தினால் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. ஒன்று, விஎம்மை ஓட்டும் நிரலான க்யூஎமுவின் ப்ராசஸைக் கிளப்பச் சொல்லி, ஹோஸ்டின் நிர்வாக மென்பொருளான லிப்விர்டிடம் கேட்பது. அது முடிந்ததும், அந்த ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் விஎன்சி (திரையைத் தொலைவிலிருந்து காட்டும் முறை) போர்ட்டோடு தனியாக ஒரு இணைப்பு போட்டுப் படத்தை வரவழைப்பது. இரண்டுக்கும் பாதை வேறு, தேவைப்படும் கருவி வேறு. பயனாளருக்குத் தெரிவது ஒரே ஜன்னல். எங்கே தடுக்கினாலும் அவருக்கு அது "ஸ்டார்ட் பண்ணும்போது வந்த எரர்".

உயிரோடு இருக்கிறதா?

ஹோஸ்டுக்குள் நேரடியாக எஸ்எஸ்எச் போட்டு லிப்விர்டின் கட்டளைவரிக் கருவியான விர்ஷில் லிஸ்ட் கட்டளையை ஆல் என்ற விருப்பத்தோடு கொடுத்தோம். இரண்டைத் தவிர மற்றதெல்லாம் 'ரன்னிங்'. ஓடுகிறவற்றுக்குப் பிங் போகிறது, எஸ்எஸ்எச் திறக்கிறது, வெப் சர்வர்கள் பதில் தருகின்றன. ஆக, கன்சோல் புகார்களில் பெரும்பாலானவை விஎம்மின் பழுதே இல்லை என்பது ஒரு கட்டளையில் தெளிவாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு பொய்த்தடம் குறுக்கிட்டது. யாரோ சிஸ்டம்சிடிஎல் மூலம் லிப்விர்ட்டி சேவையின் நிலையைப் பார்த்து, 'இன்ஆக்டிவ்' என்று வந்ததும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டினார். 9-ஆம் பதிப்பில் அது இயல்பான நிலை. பழைய ஒற்றை டீமனின் (பின்னணியில் ஓடும் சேவை) வேலையைப் பல சிறு டீமன்கள் பிரித்துக்கொண்டுவிட்டன. க்யூஎமு விஎம்களைக் கவனிப்பது விர்ட்க்யூஎமுடி. அதுவும் சாக்கெட்டில் (இணைப்பு வரும் வாயில்) யாராவது தட்டும்போது எழுந்து, 120 விநாடி வேலை இல்லாவிட்டால் தானே படுத்துவிடும். அது தூங்கும்போது நிலையைப் பார்த்தால் அதுவும் செத்துவிட்டது போலத்தான் தெரியும். பார்க்க வேண்டியது சாக்கெட்டின் நிலையை. பழைய டீமனையும் எனேபிள் செய்து இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால் வேறு தலைவலிகள் ஆரம்பிக்கும்.

கிளம்பாத இரண்டு

முதலாவதன் செய்தி நீளமானது. சாரம் இதுதான்: "இன்டர்னல் எரர்: ப்ராசஸ் எக்ஸிட்டட் வைல் கனெக்டிங் டு மானிட்டர்". இதில் 'மானிட்டர்', 'கனெக்டிங்' என்ற இரண்டையும் படித்த பயனாளர் திரை இணைப்பில் கோளாறு என்று எடுத்துக்கொண்டார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். இங்கே மானிட்டர் என்பது க்யூஎமு ப்ராசஸோடு லிப்விர்ட் பேசுகிற கட்டுப்பாட்டுச் சாக்கெட். திரைக்கும் அதற்கும் தொடர்பில்லை. லிப்விர்ட் சொல்ல வருவது, "க்யூஎமுவைக் கிளப்பினேன், நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அது செத்துவிட்டது" என்பதை மட்டுமே. ஏன் செத்தது என்பது அந்த வரியின் பின்பாதியில் இருக்கும். புகாரில் வந்த ஸ்கிரீன்ஷாட்டில் பின்பாதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

முழுச் செய்தியும் ஹோஸ்டில் வார்-லாக்-லிப்விர்ட்-க்யூஎமு அடைவில், விஎம்மின் பெயரிலேயே இருக்கும் லாக் கோப்பில் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் க்யூஎமு கிளப்பப்பட்ட முழுக் கட்டளை வரியும் அங்கே பதிவாகிறது. சாகும்போது அது சொன்ன கடைசி வார்த்தையும் அதற்குக் கீழே இருக்கும். எங்களுக்குக் கிடைத்த கடைசி வரி: "விஎன்சி 127.0.0.1:1: ஃபெயில்டு டு ஃபைண்ட் ஏன் அவைலபிள் போர்ட்: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்".

இந்த ஒரு வரி போதும். விஎன்சியில் திரை எண்ணோடு 5900-ஐக் கூட்டினால் போர்ட் எண். இரட்டைப் புள்ளிக்குப் பின் 1 என்றால் 5901. அந்த போர்ட்டை வேறு யாரோ பிடித்திருக்கிறார்கள். எந்த போர்ட் யாரிடம் என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையால் கேட்டபோது பிடித்திருந்தது இன்னொரு விஎம்தான். கதை எளிது. இந்த விஎம்மின் எக்ஸ்எம்எல்லில் எப்போதோ யாரோ 5901 என்று நிலையாக எழுதி, ஆட்டோபோர்ட்டை 'நோ' என்று வைத்திருந்தார்கள். மற்ற விஎம்கள் எல்லாம் ஆட்டோபோர்ட். அவை கிளம்பும் வரிசையில் 5900-இலிருந்து காலியாக இருக்கும் முதல் எண்ணை எடுத்துக்கொள்ளும். பழைய ஹோஸ்டில் எந்த விஎம் முன்னால், எது பின்னால் என்பது தற்செயலாகப் பொருந்தியிருந்தது. புதிய ஹோஸ்டில் வரிசை மாறியது, ஆட்டோபோர்ட்காரர் ஒருவர் 5901-இல் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு நெருங்கிய இன்னொரு ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோபோர்ட் இருக்கும் ஹோஸ்டில், "5902 என்றால் மெயில் சர்வர்" என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு விஎன்சி வியூவரில் நேராகப் போகிறவர்கள் உண்டு. ரீபூட்டுக்குப் பின் 5902 வேறொரு விஎம்மாக இருக்கலாம். பிழைச்செய்தி எதுவும் வராது. தவறான கணினியின் திரை அழகாகத் திறக்கும். லாகின் பெயரைக் கவனிக்காமல் ஷட்டவுன் கொடுத்தால் முடிந்தது கதை. எண்ணை நம்பாமல் விர்ஷ் டொம்டிஸ்ப்ளே கட்டளையிடம் பெயரைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

நாங்கள் அந்த விஎம்மையும் ஆட்டோபோர்ட்டுக்கு மாற்றினோம். நிலையான எண் கட்டாயம் வேண்டும் என்றால், ஆட்டோபோர்ட் எட்டாத உயரத்தில் ஓர் எண்ணைக் கொடுக்கலாம். அல்லது க்யூஎமு கான்ஃப் கோப்பில் 'ரிமோட் டிஸ்ப்ளே போர்ட் மின்' மதிப்பை உயர்த்தி, கீழ் எண்களை நிலையான ஒதுக்கீட்டுக்கு விட்டுவைக்கலாம்.

இரண்டாவது விஎம், ஒரு விண்டோஸ் கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்). அதன் செய்தி நேரடியானது: "அன்சப்போர்ட்டட் கான்ஃபிகரேஷன்: ஸ்பைஸ் கிராஃபிக்ஸ் ஆர் நாட் சப்போர்ட்டட் வித் திஸ் க்யூஎமு". ரெட் ஹாட்டின் 8.3-ஆம் பதிப்பிலேயே, விஎன்சி போன்ற இன்னொரு திரை முறையான ஸ்பைஸ் கைவிடப்படும் பட்டியலுக்குப் போய்விட்டது. 9-ஆம் பதிப்பில் க்யூஎமுவிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. பழைய எக்ஸ்எம்எல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

ஸ்பைஸ் என்ற சொல்லை விஎன்சி என்று மாற்றினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. மாற்றிவிட்டு ஸ்டார்ட் கொடுத்தால் அடுத்த பிழை வரும்: க்யூஎக்ஸ்எல் வீடியோ மாடல் இல்லை என்று. அதுவும் ஸ்பைஸோடு சேர்ந்து போன சாதனம். அதையும் மாற்றினால் ஸ்பைஸ்விஎம்சி சேனல், யூஎஸ்பி திருப்பல் சாதனம், ஸ்பைஸ் ஆடியோ என்று எக்ஸ்எம்எல்லின் பல மூலைகளில் அதன் வேர்கள் இருக்கும். முதலில் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் மூலம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு அந்தக் கோப்பில் ஸ்பைஸ், க்யூஎக்ஸ்எல் என்ற இரண்டையும் தேடி, கிடைக்கும் ஒவ்வொன்றையும் ஒரே அமர்வில் நீக்குங்கள் அல்லது மாற்றுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு திருத்தம் என்று போனால் பாதியில் பொறுமை போய்விடும்.

ஓடுகிறது, ஆனால் பார்க்க முடியவில்லை

இனி பெரும்பான்மைப் பழுது. விஎம் ஓடுகிறது. விர்ட்-மேனேஜரில் அதன் பெயருக்கு எதிரே பச்சையாக 'ரன்னிங்'. சிபியு வரைபடம்கூட நகர்கிறது. திரையைத் திறந்தால் மட்டும்: "வியூவர் கனெக்ஷன் டு ஹைப்பர்வைசர் ஹோஸ்ட் காட் ரெஃப்யூஸ்டு ஆர் டிஸ்கனெக்டட்".

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் வியூவர் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குகிறார்கள். நான் எதிர்முனையிலிருந்து, விஎம்மின் பக்கத்திலிருந்து வெளியே வருவேன். வியூவர் பக்கத்தில் நின்றால் வழியில் எங்கே தடுக்கினாலும் ஒரே செய்திதான் கிடைக்கும். விஎம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு அடியாக வெளியே வந்தால், எந்த அடியில் நிற்கிறோமோ அங்கேதான் பழுது.

முதல் அடி: க்யூஎமு உண்மையில் போர்ட்டைத் திறந்திருக்கிறதா? விர்ஷ் டொம்டிஸ்ப்ளே 127.0.0.1-இல் (ஹோஸ்டுக்குள் மட்டும் எட்டும் முகவரி) ஒரு திரை எண்ணைத் தந்தது. எஸ்எஸ் கட்டளை அந்த போர்ட்டில் க்யூஎமு காத்திருப்பதைக் காட்டியது. சரி.

இரண்டாம் அடி: அந்த போர்ட்டில் பேச்சு வருகிறதா? விஎன்சியின் அடியில் ஓடும் ஆர்எஃப்பி நெறிமுறையில் ஒரு நல்ல பண்பு உண்டு. யார் வந்து இணைந்தாலும் சர்வர்தான் முதலில் வாயைத் திறக்கும். முதல் 12 பைட்டில் தன் பதிப்பைச் சொல்லும்: "ஆர்எஃப்பி 003.008", கடைசியில் ஒரு புதுவரிக் குறி. 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6143 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதை வரையறுக்கிறது. ஆகவே கடவுச்சொல், வியூவர், படம் எதுவும் தேவையில்லை. போர்ட்டைத் தொட்டு 12 பைட் வாங்கினால் சர்வர் உயிரோடு இருக்கிறது என்பது உறுதி. ஹோஸ்டில் வேறு கருவி இல்லாவிட்டாலும் பாஷ் ஷெல்லின் டெவ்-டிசிபி வசதியால் இதைச் செய்யலாம். இணைப்பைத் திறந்து, ஹெட் கட்டளையால் 12 பைட் படித்து, மூடிவிட வேண்டும். எங்களுக்கு அந்த வரி உடனே வந்தது. ஹோஸ்டுக்குள் எல்லாம் சரி. பழுது ஹோஸ்டுக்கும் டெஸ்க்டாப்புக்கும் இடையில்.

மூன்றாம் அடியில்தான் எதிர்பாராத ஒரு திருப்பம் வந்தது. உடன் இருந்தவர் கையாலேயே ஒரு எஸ்எஸ்எச் டனல் போட்டுப் பார்த்தார். டெஸ்க்டாப்பின் ஒரு போர்ட்டை ஹோஸ்டின் 5900-க்குத் திருப்பும் வழக்கமான முறைதான். வியூவர் இணைந்த மாத்திரத்தில் அறுந்தது. டெர்மினலில் ஒரு வரி: "ஓப்பன் ஃபெயில்டு: அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரொஹிபிட்டட்". எஸ்எஸ்எச் சர்வர் அமைப்பைத் திறந்தால், பாதுகாப்புப் பட்டியல் 'அலவ் டிசிபி ஃபார்வர்டிங்' மதிப்பை 'நோ' ஆக்கியிருந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பழுது கிடைத்துவிட்டது, ஒரு சொல்லை 'யெஸ்' ஆக்கினால் போதும் என்றார்கள்.

அந்தச் சொல்லை மாற்றியிருந்தால் கையால் போடும் டனல் வேலை செய்திருக்கும், விர்ட்-மேனேஜர் அப்போதும் அதே செய்தியைத்தான் காட்டியிருக்கும். ஏனென்றால் விர்ட்-மேனேஜர் அந்த முறையைப் பயன்படுத்துவதே இல்லை. அது ஹோஸ்டுக்கு எஸ்எஸ்எச் போட்டு, அங்கே என்சி என்ற நெட்கேட் கருவியை ஓடவிடுகிறது. அந்த என்சி 127.0.0.1-இன் விஎன்சி போர்ட்டோடு இணைந்து, தன் உள்ளீடு வெளியீடு வழியாகத் தரவைக் கடத்துகிறது. எஸ்எஸ்எச்சின் கண்ணில் இது போர்ட் திருப்பல் அல்ல, ஒரு சாதாரணக் கட்டளை. எனவே அந்த 'நோ' இதைத் தடுப்பதில்லை.

எனவே பரிசோதனையும் விர்ட்-மேனேஜர் போகிற அதே பாதையில்தான் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் மூலம் ஹோஸ்டில் என்சியை ஓடவிட்டு, 127.0.0.1-இன் 5900-ஐத் தொடச் சொன்னோம். வந்த பதில்: "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". விர்ட்-மேனேஜரை டீபக் விருப்பத்தோடு ஓட்டியபோதும் அதுவே. அது கட்டிய முழு எஸ்எஸ்எச் கட்டளை அங்கே தெரிந்தது, கடைசியில் என்சி, அதற்குக் கீழே அது கிடைக்கவில்லை என்ற வரி. பாதுகாப்புப் பட்டியல் நீக்கிய "தேவையில்லாத கருவிகளில்" நெட்கேட்டும் ஒன்று.

என்சி இல்லாமல் விஎம் பட்டியலும் ஸ்டார்ட்டும் மட்டும் எப்படி வேலை செய்தன? இதுதான் இந்தப் பழுது ஒளிந்துகொண்ட இடம். முன்பெல்லாம் லிப்விர்டின் நிர்வாக இணைப்பும் எஸ்எஸ்எச் வழியில் என்சியைத்தான் நம்பியிருந்தது. அப்போது என்சி இல்லையென்றால் ஹோஸ்டோடு இணையவே முடியாது, பழுது முதல் நிமிடத்திலேயே பல்லைக் காட்டியிருக்கும். 2020-இல் லிப்விர்டில் விர்ட்-எஸ்எஸ்எச்-ஹெல்பர் என்ற தனிக் கருவி வந்தது. இரு பக்கமும் புதிய பதிப்பாக இருந்தால் நிர்வாக இணைப்பு அதன் வழியே போய்விடும். திரைக்கான டனல் மட்டும் இன்னும் என்சியையே தேடுகிறது. அதனால் பட்டியல் வரும், ஸ்டார்ட் ஆகும், வரைபடம் நகரும், திரை மட்டும் வராது. பார்க்கிறவருக்கு விஎம்தான் பழுது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

ரெட் ஹாட் குடும்பத்தில் இதைத் தரும் தொகுப்பு என்மேப்-என்கேட். டெபியன் பக்கம் நெட்கேட்-ஓப்பன்பிஎஸ்டி. தொகுப்பைப் போட்டோம். அதே சோதனையை மறுபடி ஓட்டினோம். "ஆர்எஃப்பி 003.008". விர்ட்-மேனேஜரில் திரைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

ஒருவருக்கு மட்டும் இன்னும் திறக்கவில்லை. அவர் எஸ்எஸ்எச் கீ இல்லாமல் கடவுச்சொல்லால் இணைபவர். திரைக்குப் போகும் டனல் ஒரு புது எஸ்எஸ்எச் இணைப்பு. அது மறுபடி கடவுச்சொல் கேட்கும், கேட்பதற்கு ஆஸ்க்பாஸ் ஜன்னல் அவர் கணினியில் நிறுவப்படவில்லை. கீ போட்டுக் கொடுத்தோம், சரியாயிற்று.

0.0.0.0 வேண்டாம்

இந்தத் தேடலின் நடுவில் ஒரு குறுக்குவழியும் பேசப்பட்டது: விஎன்சியை 127.0.0.1-க்குப் பதில் 0.0.0.0-இல், அதாவது ஹோஸ்டின் எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், காத்திருக்க வைத்து, ஃபயர்வாலில் 5900 முதல் கொஞ்சம் எண்களைத் திறந்துவிட்டால் டனலே தேவையில்லை. இதை நான் கடுமையாக எதிர்த்தேன். இனியும் எதிர்ப்பேன். விஎன்சியின் வழக்கமான கடவுச்சொல் முறையில் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு. அதற்கு மேல் எவ்வளவு நீளமாக வைத்தாலும் கணக்கில் வராது. டிஎல்எஸ் அமைக்காவிட்டால் விசைத்தட்டலும் படமும் குறியாக்கம் இல்லாமல் கம்பியில் ஓடும். அதோடு, கன்சோல் கிடைத்தவர் கணினியின் முன்னால் உட்கார்ந்தவர் மாதிரி. ரீபூட்டின் போது கிரப் (துவக்க நிரல்) மெனுவில் ஒரு வரியைத் திருத்தி ரூட் ஷெல் வாங்கிவிடலாம். ஒரு கருவி இல்லாத குறையைச் சரிசெய்ய எல்லா விஎம்களின் விசைப்பலகையையும் நெட்வொர்க்கில் போட்டுவைப்பது நியாயமே இல்லை.

பாதுகாப்புக் குழு நெட்கேட்டை அனுமதிக்கத் தயங்கியது. அவர்கள் கவலை புரிந்துகொள்ளக் கூடியதுதான், தாக்குபவர்கள் விரும்பும் கருவி அது. ஆனால் ஹோஸ்டில் ஷெல் கிடைத்தவருக்கு நெட்கேட் தேவைப்படாது. நாங்கள் 12 பைட் படித்ததே வெறும் பாஷால். அதைச் செய்து காட்டியதும் விவாதம் முடிந்தது. போர்ட் திருப்பலுக்கான 'நோ' மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றோம், அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

கறுப்புத் திரை

கடைசி விஎம் ஒரு நெட்வொர்க் சாதனத்தின் ஆயத்தப் படிமம். திரை திறந்தது. ஃபர்ம்வேர் வரிகள் ஓடின. கர்னல் தொடங்குகிறது என்ற வரி வரை வந்து, பிறகு எதுவும் இல்லை. ஃபர்ம்வேர் வரிகள் தெரிந்தன என்பதே பெரிய துப்பு: விஎன்சி பாதை முழுதும் நன்றாக இருக்கிறது, கெஸ்ட் தன் பேச்சை வேறெங்கோ திருப்பிவிட்டது. அந்தப் படிமத்தின் கர்னல் வரியில் கன்சோல் என்பதற்கு எதிரே டிடிஒய்எஸ்0 மட்டும் இருந்தது. அதாவது முதல் சீரியல் போர்ட்.

விர்ஷ் கன்சோல் கொடுத்தோம். "ஆக்டிவ் கன்சோல் செஷன் எக்ஸிஸ்ட்ஸ்" என்று மறுத்தது. யாரோ முன்பு திறந்து மூடாமல் விட்டிருந்தார்கள். ஃபோர்ஸ் விருப்பத்தோடு கேட்டபோது இணைந்தது. இணைந்ததும் வெற்றிடம். பலர் இங்கேயே தோற்றுப்போய் கன்ட்ரோலும் வலது சதுர அடைப்பும் அழுத்தி வெளியேறிவிடுவார்கள். என்டர் தட்டினால் லாகின் வரும். சீரியலில் ஏற்கெனவே அச்சான வரியை நாம் இணைந்த பிறகு யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

இரண்டு இடத்திலும் தெரிய வேண்டுமானால் கர்னல் வரியில் டிடிஒய்0, டிடிஒய்எஸ்0 இரண்டையும் எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் முதன்மைக் கன்சோல் ஆகும், அதனால் வரிசையை யோசித்து எழுத வேண்டும்.

மற்ற தளங்களில்

நாங்கள் பார்த்தது கேவிஎம். ஆனால் "விஎம் ஓடுகிறதா, இல்லை பாதைதான் அறுந்திருக்கிறதா" என்ற கேள்வி எல்லா இடத்திலும் முதலில் வருகிறது. பாதைதான் தளத்துக்குத் தளம் மாறுகிறது.

விஎம்வேரில் இது "அனேபிள் டு கனெக்ட் டு த எம்கேஎஸ்" என்ற முகத்தோடு வரும். எம்கேஎஸ் என்றால் மவுஸ், கீபோர்ட், ஸ்க்ரீன். விஎம்ஆர்சி வியூவர், நிர்வாக சர்வரான விசென்டரிடம் அனுமதி வாங்கிய பிறகு ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டின் 902-ஆம் போர்ட்டுக்கு நேராகப் போகும். ஆகவே உங்கள் டெஸ்க்டாப்பால் அந்த ஹோஸ்டின் பெயரை டிஎன்எஸ்ஸில் கண்டுபிடிக்க முடிய வேண்டும், 902 திறந்திருக்க வேண்டும். விசென்டரை மட்டும் பிங் செய்து பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஹோஸ்டின் சான்றிதழைப் புதுப்பித்த பின் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களுக்கு மட்டும் 'இன்டர்னல் எரர்' வந்தால், ஓடும்போதே இடம் மாற்றும் விமோஷனால் அவற்றை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவது வழக்கமான தீர்வு, நிறுத்த வேண்டியதில்லை. விண்டோஸில் ஓடும் ஒர்க்ஸ்டேஷனில் ஆத்பைப் என்ற பெயரோடு செய்தி வந்தால், சேவைகள் பட்டியலில் விஎம்வேர் ஆத்தரைசேஷன் சர்வீஸ் நின்றிருக்கிறதா என்று பாருங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் (நோடுகள் எனப்படும் ஹோஸ்டுகளின் கூட்டம்), நீங்கள் 8006-இல் உள்நுழைந்த நோடு ஒன்று, விஎம் ஓடும் நோடு வேறு என்றால், விஎன்சி போக்குவரத்து அந்த இரண்டுக்கும் நடுவே எஸ்எஸ்எச் வழியாகப் போகிறது. ஒரு நோடை அதே பெயரில் மறு இன்ஸ்டால் செய்திருந்தால் பழைய ஹோஸ்ட் கீ முரண்படும், "ஃபெயில்டு டு ரன் விஎன்சிப்ராக்ஸி" வரும். விஎம் ஓடும் நோடிலேயே நேராக உள்நுழைந்தால் கன்சோல் திறக்கிறதா? திறந்தால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பழைய கீயை நீக்கிவிட்டுப் பிவிஇசிஎம் அப்டேட்செர்ட்ஸ் ஓட்டலாம்.

ஹைப்பர்-வியில் விஎம்கனெக்ட் ஹோஸ்டின் 2179-ஐத் தேடும். ஓப்பன்ஸ்டாக்கில் ப்ரவுசர் 6080-இல் உள்ள நோவிஎன்சி ப்ராக்ஸியிடம் போகும், ப்ராக்ஸி கம்ப்யூட் நோடின் விஎன்சி போர்ட்டுக்குப் போகும். 1006 என்ற குறியீடு வந்தால் அது வெப்சாக்கெட் முறையாக விடைபெறாமல் அறுந்தது என்பதை மட்டும் சொல்கிறது. கன்சோல் முகவரியில் உள்ள டோக்கனின் இயல்பான ஆயுள் 600 விநாடி. முகவரியைச் சேமித்து வைத்து மறுநாள் திறந்தால் திறக்காது. புது முகவரியும் திறக்காவிட்டால், கம்ப்யூட் நோடின் விஎன்சி 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அங்கே ப்ராக்ஸி வேறு கணினியில் இருப்பதால் அது எட்டாது.

மாற்றி வைத்தவை

ஹோஸ்ட் ரீபூட் ஆனதும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் இப்போது நிர்வாகிகளின் கணினிகளில் ஒன்றிலிருந்து ஓடுகிறது. ஓடும் ஒவ்வொரு விஎம்மின் திரை எண்ணையும் கேட்டு, எஸ்எஸ்எச்சும் என்சியும் சேர்ந்த அதே பாதையில் போய் 12 பைட் வாங்குகிறது. எந்த விஎம்மில் அந்த வரி வரவில்லையோ அதன் பெயரை அனுப்புகிறது. ஹோஸ்டுக்குள்ளேயே இதை ஓட்டினால் பயனில்லை. எங்கள் பழுது அப்படி ஒரு சோதனையில் சிக்கியிருக்காது.

பாதுகாப்புப் பட்டியலில் நெட்கேட்டுக்கு எதிரே, ஹைப்பர்வைசர் ஹோஸ்டுகளுக்கு விலக்கு என்ற குறிப்பும் காரணமும் எழுதப்பட்டன. காரணம் இல்லாத விலக்கை அடுத்து வருபவர் நீக்கிவிடுவார். புகார் படிவத்தில் விஎம்மின் நிலை, செய்தியின் முழு உரை ஆகிய இரண்டும் கட்டாயம் ஆயின. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

ஸ்பைஸ் போனதில் விண்டோஸ் விஎம்மின் பயனாளருக்கு நிஜமான இழப்பு இருந்தது. அவர் தன் மேசையில் செருகிய யூஎஸ்பி உரிமச் சாவியை அதன் வழியாகத்தான் விஎம்முக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார், விஎன்சியில் அந்த வசதி கிடையாது. சாவியை ஹோஸ்டில் செருகி நேரடியாக அந்த விஎம்முக்கு ஒதுக்கினோம். அன்றாட வேலைக்கு அவர் இப்போது விண்டோஸின் தொலை டெஸ்க்டாப் முறையான ஆர்டிபியில் நுழைகிறார். விஎன்சி கன்சோல், ஆர்டிபி எட்டாத நாளுக்கு மட்டும்.